ஐந்தாம் அங்கம்: 1791 மைசூர்ப் போரும் சிற்றுருப் போர் விளையாட்டும்

நான்காம் ஹுஸ்ஸார் குதிரைப்படையின் இளநிலை அதிகாரியாக வின்ஸ்டன் சர்ச்சில் 1896ஆம் ஆண்டு பெங்களூருக்கு வந்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் ஒரு சேனைக்குத் தலைமை தாங்கியிருந்தார். ஏறத்தாழ 1500 பொம்மை வீரர்களைக் கொண்ட சேனை அது. எல்லோரும் ஒரே அளவினர், எல்லோரும் பிரித்தானியர். எதிர்ச்சேனைக்குத் தம்பி ஜாக் தலைவர். அண்ணன் தம்பி இருவருக்கும் இடையே ஓர் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் இருந்தது: ஜாக் கறுப்பு நிறப் படைகளை மட்டுமே வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்குப் பீரங்கி கிடையாது. இதைப் பிற்காலத்தில் தம் இளமை வரலாற்றில் சர்ச்சிலே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். ஒருநாள் அந்தப் பொம்மைப் படையைப் பார்வையிட்ட தந்தை, இராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டதுதான் தம் வாழ்க்கையின் திசையை முடிவுசெய்தது என்றும் அதிலேயே குறிப்பிடுகிறார்.

சிறுவர்களின் அறையில் எழுதாமல் நடந்த அந்த ஒப்பந்தம், பெரியவர்களின் விளையாட்டில் அச்சிட்ட விதியாக நெடுங்காலம் வாழ்ந்தது. காலனியப் போர்களைச் சிற்றுருப் பொம்மைகளைக் கொண்டு மேசைமீது மீள நிகழ்த்தும் கழகங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல உள்ளன. வரலாற்று ஆர்வம், கைவினை, கணக்கு மூன்றும் கலந்த பொழுதுபோக்கு அது. அதை ஏளனம் செய்வது எளிது, பயனற்றது. ஒரு போரை விதிகளாக மாற்ற முனைபவர், அப்போரில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லியே ஆகவேண்டும். வரலாற்று நூலாசிரியர் மழுப்பிவிட்டுக் கடந்து போகலாம். விதி வகுப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே அவர் எதை விட்டுவிடுகிறார் என்பதும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

இவ்விளையாட்டின் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஹெல்விக் சதுரங்கப் பலகையை விரித்து, கட்டங்களுக்கு நிலவடிவம் தந்து, ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் கட்டங்களை நீக்கி நிலத்தோற்றப் பலகையைக் கொண்டுவந்தார். அவர் மகன் 1824இல் வெளியிட்ட வடிவம் நிலவரைபடத்தின்மீது ஆடப்பட்டது. எதிரியின் நகர்வை நேரில் காண முடியாது. நடுவர் ஒருவரே இரு தரப்பையும் அறிந்தவர். ‘கிரீக்‌ஸ்ஷ்பீல்’ என்ற அந்தப் பயிற்சி பிரஷ்ய இராணுவத்தின் பாடத்திட்டம் ஆயிற்று. 1893இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களை மலிவாக வார்க்கத் தொடங்கியதும், 1913இல் எச்.ஜி.வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியதும், 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் விதிநூல் வெளியிட்டதும் அதை வீட்டுக்கூடத்துக்கும் கழகத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தன.

சதுரங்கம் என்றால் நான்கு அங்கம்: யானை, குதிரை, தேர், காலாள். நாலாயிரம் கல் தொலைவு சென்று உருமாறித் திரும்பிய பின்பும் மேசையில் நிற்பவை இவற்றின் வழித்தோன்றல்களே. தேர் இருந்த இடத்தில் பீரங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் பீரங்கியை இழுத்துவந்தது எது என்று மேசை கேட்பதில்லை.

1791ஆம் ஆண்டின் பெங்களூர்ப் போர்த்தொடரை அந்த மேசையில் வைத்துப் பார்த்தால் இக்குறை எவ்வளவு பெரிது என்பது புலப்படும். காரன்வாலிஸ் பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்டார். ஆம்பூர் வழியாகச் செல்வதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே மொகிலி கணவாய் வழியாக மேட்டுநிலம் ஏறினார். கோலாரும் ஹொசகோட்டையும் எளிதில் வீழ்ந்தன. மார்ச் 7இல் பெங்களூர்ப் பேட்டை பிடிபட்டது. சென்னைப் பீரங்கிப் படையின் மூர்ஹவுஸ் அங்கே மாண்டார். மார்ச் 21 இரவில் கோட்டை தகர்ந்தது. கில்லேதார் பகதூர் கான் போரிட்டபடியே இறந்தார். இந்தப் பகுதி மேசைக்கு மிகவும் பொருத்தமானது: மதில், அகழி, உடைப்பு, இரவுத் தாக்குதல் எல்லாம் ஒரே மாலையில் ஆடி முடித்துவிடக்கூடியவை. 1792இலேயே இலண்டனில் ஆஸ்ட்லியின் அரங்கம் பெங்களூர் முற்றுகையைக் குதிரைகளும் வெடிகளுமாகக் காட்சியாக்கிவிட்டது. இன்றும் கிருஷ்ணராஜேந்திரா சந்தையருகே எஞ்சியிருக்கும் கோட்டைத் துண்டில், உடைப்பு நிகழ்ந்த இடத்தைச் சுட்டும் கல்வெட்டைக் காணலாம்.

அதற்குப் பிந்தைய இரண்டு மாதங்கள்தாம் சிக்கல். ஒற்றைச் சண்டையை ஆடுவது வேறு, போர்த்தொடரை ஆடுவது வேறு. தொடரை நடத்தும் கழகம் வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டு, வாரந்தோறும் எழுத்துவழி ஆணைகளைப் பெற்று, படைகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் பொம்மைகளை மேசைக்கு இறக்கும். இதன் நோக்கமே இடைவெளிகளை விளையாட்டுக்குள் கொண்டுவருவதுதான். ஆனால் பெரும்பாலான தொடர்களில் இடைவெளி என்பது ‘ஒரு நாளைக்கு இத்தனை கல்’ என்ற ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

மே மாதத் தொடக்கத்தில் பெங்களூரை விட்டுச் சீரங்கப்பட்டணம் நோக்கிக் கிளம்பிய காரன்வாலிஸுக்கு அந்த எண் உதவவில்லை. வழக்கமான வழியிலிருந்த தீவனத்தையும் தானியத்தையும் திப்பு அழிக்கச் செய்திருந்தார். எனவே கும்பினிப் படை கனகபுரத்தின் பக்கமாகக் கரடுமுரடான சுற்றுவழியில் சென்றது. அங்கேயும் ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. உடன் சேர்ந்திருந்த நிஜாமின் குதிரைப்படை, இருந்த கொஞ்சத் தீவனத்தையும் தின்று தீர்த்தது. மழை பிடித்தது, மாடுகளிடையே நோய் பரவியது, இழுவை மாடுகள் சாரிசாரியாகச் செத்தன. பெரும் முற்றுகைப் பீரங்கிகளை மனிதர்களே வடம் பிடித்து இழுத்தார்கள். மே 15இல் அரகெரேயில் நடந்த சண்டையில் காரன்வாலிஸ் வென்றார். எந்த விதிநூலின்படியும் அது வெற்றி. பத்து நாளைக்குள் அதே வெற்றியாளர் கண்ணம்பாடி அருகே தம் பெரும்பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுப் பெங்களூருக்குப் பின்வாங்கினார். (பழைய கண்ணம்பாடி ஊர் இன்று கிருஷ்ணராஜசாகர் நீருக்கடியில்.) அவரைத் தோற்கடித்தது மைசூர்க் காலாட்படையன்று. தோற்கடித்தவை செத்த மாடுகள்.

பின்வாங்கத் தொடங்கியதுமே ஒரு குதிரைப்படை எதிர்ப்பட்டது. மைசூர்ப் படை என்று அஞ்சியவர்களுக்கு அது தம் கூட்டாளிகளான மராட்டியர் என்று பின்னரே தெரிந்தது. இத்தனை அருகில் அவர்கள் வந்துவிட்டதைச் சொல்ல அனுப்பப்பட்ட அரிக்காரர்களை, அதாவது செய்தி சுமந்த ஓட்டக்காரர்களை, திப்புவின் இலகு குதிரைவீரர்கள் வழியிலேயே மறித்திருந்தார்கள். மராட்டியப் பாளையத்தின் கடைவீதியில் எல்லாம் கிடைத்தன. விலைதான் வாயைப் பிளக்க வைத்தது. பட்டினி கிடந்த படை அதை வாங்கித் தின்றது. பீரங்கிகளை உடைத்த சில நாளில் இது நடந்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ரைஸ்விட்ஸின் மறைநகர்வு விதி மட்டுமே இந்தக் காட்சியை ஓரளவு மீள நிகழ்த்த வல்லது. இரு தரப்புப் பொம்மைகளும் கண்முன்னே நிற்கும் மேசையில் இதற்கு வழியே இல்லை.

அடுத்த பருவத்துக்குள் கும்பினி பாடம் கற்றுக்கொண்டது. பொதிமாட்டுக் கூட்டங்களோடு தக்காணமெங்கும் தானியம் சுமந்து விற்ற பிரிஞ்சாரிகளை, அதாவது லம்பாடிகளை, தன் பக்கம் ஈர்த்தது. அவர்கள் யாருடைய படையும் அல்லர். விலை கிடைக்கும் பாளையத்துக்குப் போகும் வணிகர். உளவுப் பணிகளைக் கவனித்துவந்த அலெக்சாண்டர் ரீடுக்கு இந்த ஏற்பாட்டில் முக்கியப் பங்குண்டு. 1792 உடன்படிக்கையில் திப்பு இழந்த பாராமகால் பகுதியை ஆளவந்தவர் இதே ரீட். அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. சேலம், தருமபுரி வட்டார உழவர்களுக்கு விதிக்கப்பட்ட ரயத்துவாரி வரியின் வரலாற்றை எழுதுவோர், அதை வகுத்தவர்களுள் ஒருவர் முன்பு தானியமும் மாடும் எங்கே இருக்கின்றன என்று வேவு பார்த்தவர் என்பதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே விட்டுவிடுகிறார்கள்.

மைசூர்ப் பக்கம் இந்த அறிவு புதிதன்று. உடையார் காலத்திலேயே அரண்மனைப் பசுக்கூட்டத்துக்கு ஒரு துறை இருந்தது. அதற்கு அமிர்தமகால் என்று பெயரிட்டவர் திப்பு. ஹைதர் அலி சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தது இந்த மாடுகளால்தான் என்று பிற்காலக் கால்நடைக் குறிப்புகள் கூறுகின்றன. தூரம் சற்று மிகைப்பட்டிருக்கலாம், காரணம் மிகைப்பட்டதன்று. புறத்திணையை ஆநிரை கவரும் வெட்சியிலிருந்து தொடங்கிய தமிழ் இலக்கணத்துக்கும், மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் கொண்ட பழந்தமிழுக்கும் இதில் வியப்பு ஏதுமில்லை.

விடுபடும் மற்றொன்று எதிர்த்தரப்பின் சிந்தனை. 1979இல் வந்து பெரும்புகழ் பெற்ற ‘தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃபிளேம்’ முதலான காலனியப் போர் விதிநூல்கள், ஆப்பிரிக்க, ஆப்கானியப் போர்க்களங்களை மனத்தில் கொண்டவை: உள்நாட்டார் குறி தவறுவார்கள், ஆனால் ஆவேசமாகப் பாய்வார்கள். சூடான் போர்களுக்கான ‘சயன்ஸ் வெர்சஸ் பிளக்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதில் ஆடுவோர் அனைவரும் பிரித்தானியத் தரப்பே. மாஹ்தியின் படையை நடுவர் இயக்குவார். விளையாட்டு என்ற அளவில் அது நேர்த்தியான தீர்வு; அறியாத நிலத்தில் தடுமாறும் அதிகாரியின் அச்சத்தை அது நன்றாகவே உணர்த்துகிறது. ஆனால் எதிரி அங்கே வானிலையைப்போல் ஒரு நிகழ்வாகிவிடுகிறார். இந்த அச்சில் மைசூரை வார்க்கவே முடியாது. இரும்புக்குழல் ராக்கெட், பயிற்சி பெற்ற காலாட்படை, கும்பினியின் மாடுகளைவிட உயர்ந்த இழுவை மாடுகள், செய்தியை மறிக்கும் குதிரைப்படை ஆகிய எல்லாமே அந்தப் பக்கம் இருந்தன. ஜாக்குக்குப் பீரங்கி மறுக்கப்பட்டதுபோல் திப்புவுக்கு மறுத்தால், மே மாதப் பின்வாங்கலுக்கு விளக்கமே கிடைக்காது.

இன்று பெங்களூரில் ஒரு கழகம் இத்தொடரை நடத்த முற்பட்டால், விதிகளில் செய்யவேண்டிய மாற்றம் மிகப் பெரிதன்று. வரைபடத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தீவன இருப்பு ஒன்று வேண்டும். ஒருமுறை எடுத்தால் அந்தப் பருவத்தில் அது மீளாது. மாட்டுக் கூட்டங்களுக்குத் தனி உருக்கள் வேண்டும். நோயும் மழையும் அவற்றைக் குறைக்கும். பிரிஞ்சாரிகளுக்குத் தனி ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும். யாரிடம் விற்பது என்பதை அவரே முடிவுசெய்வார். சீரங்கப்பட்டணத்துக்கு உயிருள்ள ஓர் ஆட்டக்காரர் வேண்டும். கடினமான கேள்வி வேறொன்று. தீவன இருப்பு தீர்ந்த ஊர் வரைபடத்தில் வெறும் சுழியம். அதே ஆண்டுகளில் தக்காணத்தைக் கொடும்பஞ்சம் பீடித்திருந்தது. எரித்தவர் திப்புவானாலும் எடுத்தவர் காரன்வாலிஸானாலும், அந்தச் சுழியத்துக்குள் இருந்தவர்கள் குடியானவர்கள். இருபது வீரருக்கு ஒரு பொம்மை என்ற கணக்கில், படையினரைவிடப் பன்மடங்கு இருந்த மாட்டுக்காரர், புல்லறுப்போர், கூடாரம் சுமப்போர், அவர்களுடைய மனைவி மக்கள் ஆகியோருக்கு எத்தனை பொம்மை வார்ப்பது என்பதை எந்த நூலும் கூறவில்லை.

அந்தப் பின்தொடர்வோரின் வழியினரில் ஒரு பகுதி இந்த நகரிலேயே தங்கிவிட்டது. 1809இல் படைவீடு சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டபோது, சென்னை மாகாணத்திலிருந்து தமிழ் பேசும் சிப்பாய்களும் கைவினைஞரும் சுமைகூலிகளும் வந்து சேர்ந்தார்கள். அல்சூர் ஏரியருகே இன்றும் இயங்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையினருக்குத் ‘தம்பி’ என்பதே செல்லப்பெயர். 1780இல் சாலை வெட்டவும் அகழி தோண்டவும் திரட்டப்பட்ட இரண்டு முன்னோடிக் கம்பெனிகளிலிருந்து வளர்ந்தது அப்படை. அப்பகுதியைக் கன்னடம் ‘தண்டு’ என்று அழைக்கிறது. தமிழிலும் அச்சொல்லுக்குப் படை என்றே பொருள்.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அமிர்தமகால் மாடுகள் கைமாறின. அவற்றைப் பயன்படுத்திப் போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லி பின்னர் வெலிங்டன் ஆகி, ஸ்பெயினில் நெப்போலியனின் தளபதிகளை எதிர்த்து நின்றபோது, மைசூர் மாடுகள் அங்கே இல்லையே என்று வருந்தினார்.