உள்நுழைந்த பின் உறையும் கணினி: ஒரு கோளாறின் வரலாறு

வீட்டுக் கணினி வழக்கம்போலத் துவங்குகிறது. கடவுச்சொல்லைக் கேட்கிறது, கொடுத்ததும் ஏற்றுக்கொள்கிறது. பின்னணிப் படம் தெரிகிறது, சில படவுருக்களும் தோன்றுகின்றன. அதன்பின் எதுவும் நடப்பதில்லை. சுட்டியின் அம்பு நகர்ந்தாலும் சொடுக்கினால் பலனில்லை. சில சமயம் அம்பே நகர்வதில்லை. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து மீண்டும் போட்டால், அதே இடத்தில் அதேபோல நிற்கிறது. எழுத்துநடையில் இதை 'உறைதல்' என்கிறோம். பேச்சில் 'ஹேங் ஆயிடுச்சு'.

இந்தக் கோளாறுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கணினி துவங்கவே இல்லை என்றால் மின்வழங்கி முதல் இயங்குதளம் வரை எதை வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம். உள்நுழைந்த பிறகு உறைகிறது என்றால், இயங்குதளத்தின் கருநிரல் ஏறிவிட்டது, திரையும் விசைப்பலகையும் வேலை செய்துவிட்டன, பயனரை அடையாளம் கண்டதும் முடிந்துவிட்டது. அடுத்த ஓரிரு நிமிடங்களில் ஏறுகின்ற ஏதோ ஒன்றுதான் வழியை மறிக்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரியாதபோது நம் ஊர்ப் பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் முதல் தீர்வு 'ஃபார்மேட்' செய்வது. கணினி சரியாகிவிடும். வன்தட்டில் இருந்த குடும்பப் புகைப்படங்களும் பாதி எழுதிய ஆய்வேடும் அத்தோடு போய்விடும். இழக்காமல் சரிசெய்யும் வழிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகின்றன.

கடவுச்சொல் இல்லாத வீட்டுக் கணினி

உள்நுழைவு என்பது வீட்டுக் கணினிக்காகத் தோன்றியதன்று. ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கு வைக்கவும் ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் காக்கவும் அது தேவைப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாத்தோ தலைமையில் உருவாகி 1961 நவம்பரில் இயக்கிக் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் கடவுச்சொல் பின்னர் இடம்பெற்றது.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் அதெல்லாம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு நிரல். அது உறைந்தால் கணினியே உறைந்தது. அக்கணினியை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவரான டேவிட் பிராட்லி, சோதனையின்போது ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை அணைத்துப் போடும் தொல்லையைத் தவிர்க்க, கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கணினி மறுபடி துவங்கும்படி செய்தார். தவறுதலாக ஒரே கையால் அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இவ்விசைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பொறியாளர்களுக்காகச் செய்த குறுக்குவழி, உலகெங்கும் உறைந்த கணினியின் முன் அமர்ந்தவர்களின் கைப்பழக்கமாகிவிட்டது.

பாதியாகப் பிரிக்கும் முறை

டாஸ் காலத்திலேயே கணினி துவங்கும்போது தானாக ஏறும் பொருள்கள் சேரத் தொடங்கிவிட்டன. கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளில் அவை வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். ஒரு வரி தவறினாலும் கணினி பாதியில் நிற்கும். 1993-இல் வந்த எம்.எஸ்.-டாஸ் 6.0 இதற்கு இரண்டு விசைகளைக் கொடுத்தது. எஃப்5 அழுத்தினால் இரண்டு கோப்புகளையும் விட்டுவிட்டு வெறுமையாகத் துவங்கும். எஃப்8 அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் 'இதை ஏற்றட்டுமா?' என்று கேட்கும்.

ஆப்பிள் மெக்கின்டாஷ் இதில் முந்திக்கொண்டது. 1991-இல் வந்த சிஸ்டம் 7-இல், துவங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்திருந்தால் 'எக்ஸ்டென்ஷன்' எனப்படும் கூடுதல் நிரல்கள் எதுவும் ஏறாது. மெக் பயனர்கள் அந்நாளில் இவற்றை டஜன் கணக்கில் சேர்த்துவைத்திருப்பார்கள். எது எதனோடு மோதுகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவர்களிடையே பழக்கமான முறை எளிமையானது. பாதியை நிறுத்திவிட்டுத் துவக்கிப் பார். கோளாறு போய்விட்டால் குற்றவாளி நிறுத்திய பாதியில் இருக்கிறது, போகாவிட்டால் மற்றப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. 32 நிரல்கள் இருந்தாலும் ஐந்து முறை துவக்கினால் போதும். 'கான்ஃபிளிக்ட் கேட்ச்சர்' என்ற மென்பொருள் இவ்வேலையைத் தானே செய்துகொடுத்தது. இரண்டு நிரல்கள் சேர்ந்தால் மட்டுமே கோளாறு வரும் என்ற நிலையில் வெறும் பாதிக்கணக்கு ஏமாற்றிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

எண்ணிப் பார்த்தால், இன்று வரை இக்கோளாறைத் தீர்க்கும் வழி இதுவேதான். முதலில் வெறுமையாகத் துவக்கு. பிறகு பாதி பாதியாகச் சேர்.

உள்நுழைவு ஓர் எல்லைக்கோடு ஆகிறது

விண்டோஸ் 3.1 (1992) 'கூட்டுறவு' முறையில் நிரல்களை இயக்கியது. ஒவ்வொரு நிரலும் தன் வேலையைக் கொஞ்சம் செய்துவிட்டு, தானாகவே அடுத்ததற்கு வழிவிட வேண்டும். வழிவிடாத ஒரே ஒரு நிரல் இருந்தாலும் எல்லாம் நின்றுவிடும். 1993 ஜூலையில் டேவ் கட்லர் குழு உருவாக்கி வெளிவந்த விண்டோஸ் என்.டி., எந்த நிரலையும் கேட்காமலே நிறுத்தி அடுத்ததற்கு நேரம் கொடுக்கும் அதிகாரத்தை இயங்குதளத்தின் கையில் வைத்தது. உள்நுழைவையும் கட்டாயமாக்கியது. அதற்கான அழைப்பு விசை எது தெரியுமா? அதே கண்ட்ரோல்-ஆல்ட்-டிலீட். வேறெந்த நிரலும் இதை இடைமறிக்க முடியாது என்பதால், போலி உள்நுழைவுத் திரையைக் காட்டிக் கடவுச்சொல்லைத் திருட முடியாது. மறுதுவக்க விசை கதவு திறக்கும் விசையானது.

என்.டி.யில் ஒரு நல்ல மீட்பு ஏற்பாடும் இருந்தது. கடைசியாகச் சரியாக இயங்கிய அமைப்பைக் கணினி நினைவில் வைத்திருக்கும். புதிய டிரைவர் ஒன்று கெடுத்துவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பலாம். ஆனால் 'சரியாக இயங்கியது' என்று எப்படித் தீர்மானிப்பது? முக்கியச் சேவைகள் துவங்கி, ஒரு பயனர் வெற்றிகரமாக உள்நுழைந்துவிட்டால் அந்த அமைப்பு நல்லது என்று கணினி குறித்துக்கொண்டது. நம் கோளாறுக்கு இந்த ஏற்பாடு உதவாமல் போனது இங்கேதான். உள்நுழைந்த பிறகே கணினி உறைகிறது. அதற்குள் கெட்ட அமைப்பே 'நல்ல அமைப்பு' என்று முத்திரை குத்தப்பட்டுவிடுகிறது. பழைய பழுதுபார்ப்புக் குறிப்புகளில், 'சந்தேகம் இருந்தால் உள்நுழையாமலே மறுதுவக்கம் செய்' என்று எச்சரித்ததன் காரணம் இதுவே.

வீடுகளுக்கு வந்த விண்டோஸ் 95 வேறு வழியில் சென்றது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த அதில்தான் 'சேஃப் மோடு' என்ற பாதுகாப்பு நிலை அறிமுகமானது. அவசியமான டிரைவர்கள் மட்டும் ஏறும். திரை பெரிய எழுத்துகளும் குறைந்த நிறங்களுமாக அசிங்கமாக இருக்கும். மூலைகளில் 'சேஃப் மோடு' என்று எழுதியிருக்கும். அதற்குச் செல்லும் விசை டாஸிலிருந்து வந்த எஃப்8. 1998-இல் விண்டோஸ் 98-உடன் வந்த எம்.எஸ்.கான்ஃபிக், தானாகத் துவங்கும் நிரல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் குறியிட்டு நிறுத்த வழிசெய்தது. மெக் பயனர்களின் பாதிக்கணக்கு இப்போது விண்டோஸிலும் சாத்தியமானது. என்.டி. வழிவந்த விண்டோஸ் 2000-க்கும் சேஃப் மோடு கிடைத்தது.

எக்ஸ்பி: வேகமாகத் திறந்த கதவு

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டு மரபுகளையும் ஒன்றாக்கியது. இக்கோளாறு வீட்டுக்கு வீடு பழக்கமானதும் அப்போதுதான். எக்ஸ்பி வேகமாகத் துவங்கவேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விரும்பியது. எல்லாச் சேவைகளும் துவங்கி முடியும்வரை காத்திராமல், வரவேற்புத் திரையை முன்கூட்டியே காட்டியது. பயனர் மகிழ்ந்தார். ஆனால் செய்யவேண்டிய வேலை குறையவில்லை. முன்பு உள்நுழைவுக்கு முன் நடந்த காத்திருப்பின் ஒரு பகுதி உள்நுழைவுக்குப் பின்னுக்கு நகர்ந்தது.

அக்கால வன்தட்டு சுழலும் தட்டு. அதன் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சென்று படிக்கச் சுமார் 10 மில்லிவினாடி ஆகும். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய நூறு தாவல்கள்தாம். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் வைரஸ் தடுப்பான், அச்சுப்பொறியின் துணைநிரல், அரட்டைச் செயலி, இசைக்கருவி, ஒவ்வொன்றின் புதுப்பிப்பான் என்று இருபது முப்பது நிரல்கள் ஒரே முனைக்குப் போட்டியிட்டன. எக்ஸ்பிக்குப் பரிந்துரைக்கப்பட்ட நினைவகமோ வெறும் 128 எம்.பி. அது நிரம்பியதும் வன்தட்டையே நினைவகமாகப் பயன்படுத்தியதால் முனைக்கு இன்னும் வேலை கூடியது. பலர் 'உறைந்துவிட்டது' என்று அணைத்த கணினிகள் உண்மையில் உறையவில்லை, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. வன்தட்டு விளக்கு விடாமல் எரிந்தால் ஐந்து நிமிடம் காத்திருங்கள் என்று அனுபவசாலிகள் சொன்னது இதனால்தான். கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு மாறுகிறதா என்று பார்ப்பதும் பயனுள்ள சோதனை. மாறினால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது.

2007-இல் வந்த விஸ்டா, அவசரமில்லாத சேவைகள் சுமார் இரண்டு நிமிடம் கழித்துத் துவங்கலாம் என்றொரு வகையைச் சேர்த்தது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி, ஒரு நிரல் தானாகத் துவங்க விண்டோஸில் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதைக் காட்டிப் பலரை அதிரவைத்தது. எம்.எஸ்.கான்ஃபிக் காட்டியது அவற்றுள் சிலவற்றை மட்டுமே.

காவலரே வழிமறித்த கதை

வேகக்குறைவு வேறு, உண்மையான உறைதல் வேறு. இரண்டாவதற்கு 2019 ஏப்ரல் 9 அன்று வெளியான விண்டோஸ் மாதாந்தரப் புதுப்பிப்பு நல்ல உதாரணம். அதை நிறுவிய விண்டோஸ் 7, 8.1 கணினிகள் பல, துவங்கும்போதோ வரவேற்புத் திரையிலோ உள்நுழையும்போதோ நின்றுவிட்டன. சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா, ஆர்காபிட், மெக்காஃபி ஆகிய வைரஸ் தடுப்பான்கள் இருந்த கணினிகளில் இது நேர்ந்தது. விண்டோஸின் உட்பகுதி ஒன்றில் செய்த மாற்றம் முட்டுநிலையை உண்டாக்கக்கூடும் என்று மெக்காஃபி விளக்கியது. குறுகிய பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு மாட்டுவண்டிகளை நினைத்துக்கொள்ளலாம். 'நீ பின்வாங்கினால் நான் போகிறேன்' என்று இரண்டும் நிற்கின்றன. எந்த வண்டியும் பழுதில்லை, மாடும் சோர்வில்லை. ஆனாலும் விடியும்வரை யாரும் நகரப்போவதில்லை. இங்கே எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லாமல் போகலாம். சோஃபோஸ் சொன்ன தீர்வு பழைய தீர்வே: சேஃப் மோடில் துவக்கு, வைரஸ் தடுப்புச் சேவையை நிறுத்து, வழக்கம்போலத் துவக்கி அந்தப் புதுப்பிப்பை நீக்கு, பிறகு தடுப்பானை மறுபடி இயக்கு. 'ஃபார்மேட்' செய்ய வேண்டியிருக்கவில்லை. செய்தவர்கள் வீணாக இழந்தார்கள்.

எஃப்8 போன பிறகு

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது எஃப்8 வழக்கொழிந்தது. திடநிலை வட்டுகளில் கணினி அவ்வளவு விரைவாகத் துவங்கியதால், விசையை அழுத்தக் கிடைக்கும் இடைவெளி 200 மில்லிவினாடிக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. இப்போது உள்நுழைவுத் திரையின் மின்குறியைச் சொடுக்கி, ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மீட்புப் பட்டியல் வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குச் செல்லலாம். உள்நுழைந்த பின் உறையும் கணினிக்கு இது பொருத்தமான வழி, ஏனெனில் உள்நுழைவுத் திரை வரை அது நன்றாகவே இருக்கிறது. 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவது விண்டோஸ் 8 முதல் முழுமையான மறுதுவக்கம் அன்று என்பதும் பலர் அறியாதது. விரைவுத் துவக்கம் இயக்கத்தில் இருந்தால் கருநிரலின் நிலையை வட்டில் சேமித்துவைத்து அதையே மீட்டெடுக்கும். ஒட்டிக்கொண்ட கோளாறு போகவேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுக்கவேண்டும்.

சேஃப் மோடில் கணினி நன்றாக இயங்கினால் தானியங்கு நிரல்களையும் டிரைவர்களையும் பாதி பாதியாகச் சோதிக்கலாம். நிரல்களுக்கான பட்டியல் இப்போது டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கிறது. வேறொரு பயனர் கணக்கில் உள்நுழைந்தால் உறையவில்லை என்றால், முதல் கணக்கின் அமைப்புக் கோப்புகளே கெட்டிருக்கலாம். சேஃப் மோடிலும் உறைந்தால் நினைவகம், வெப்பம், வன்தட்டு என்று வன்பொருள் பக்கம் திரும்பவேண்டும்.

இவற்றுள் வன்தட்டு மட்டும் அவசரம். படிக்க முடியாத ஓரிடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால் கணினி நிற்கும். 'டக் டக்' என்ற ஓசையும் வரலாம். ஒவ்வொரு மறுதுவக்கமும் அதன் மிச்ச ஆயுளைத் தின்னும். 2000-இல் ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்', எதையும் நிறுவாமல் குறுவட்டிலிருந்தே லினக்ஸை இயக்கியது. அதைக் கொண்டு உறைந்த கணினிகளின் கோப்புகளை மீட்பது வழக்கமாயிற்று. இன்று உபுண்டுவை ஒரு யு.எஸ்.பி. குச்சியில் போட்டு அதையே செய்யலாம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புத் திறவி தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்த வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் அக்கணக்கின் வலைப்பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.