வெளிமுதலின்றி வளர்தல்: அட்வென்ட்நெட் ஸோஹோவாக உருமாறிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வெளி முதலீட்டாளரின் பணத்தை ஏற்காமல் வளர்ந்த மென்பொருள் நிறுவனங்களுள் ஸோஹோ குறிப்பிடத்தக்கது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிய இந்நிறுவனம் தன் தொழிலை மூன்று முறை மாற்றியமைத்துக்கொண்டது. பழைய தொழிலைக் கைவிடாமல், அதன் அறிவையும் வருவாயையும் கொண்டே புதியதை வளர்த்தது என்பதே இம்மாற்றங்களின் பொதுத்தன்மை என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தன்முதல் நிறுவனம், துணிகர முதலீடு, மென்பொருள் வரலாறு, ஸோஹோ, தென்காசி.

முன்னுரை

இந்திய மென்பொருள் தொழில் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் சேவை நிறுவனங்களையே மையமாகக் கொண்டுள்ளன. பிறருடைய பணியை ஒப்பந்தப்படி செய்துகொடுக்கும் சேவைத் தொழிலும், தனக்குரிய மென்பொருளை உருவாக்கி விற்கும் தொழிலும் முதல் தேவையில் வேறுபட்டவை. முன்னதில் பணி தொடங்கியதும் வருவாய் வரத் தொடங்கும். பின்னதில் பொருள் உருவாகிச் சந்தைக்கு வரும்வரை செலவு மட்டுமே உண்டு. இந்த இடைவெளியை நிரப்பவே பல நிறுவனங்கள் துணிகர முதலீட்டை நாடுகின்றன. அதனை நாடாத ஒரு நிறுவனம் இவ்விடைவெளியை மீண்டும் மீண்டும் எவ்வாறு கடந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதற்பொருளும் நெருக்கடியும்

ஸ்ரீதர் வேம்பு, அவருடைய உடன்பிறந்தோர், டோனி தாமஸ் ஆகியோரின் முயற்சியில் உருவான அட்வென்ட்நெட், அமெரிக்கச் சந்தையை நோக்கிய நிறுவனமாக இருந்தது. மென்பொருள் உருவாக்கம் சென்னையில் நடைபெற்றது. வலையமைப்புக் கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து அறிய உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையை அடிப்படையாகக் கொண்ட மென்பொருள் கூறுகளே அதன் முதற்பொருள். தொலைத்தொடர்புக் கருவிகளைத் தயாரித்த நிறுவனங்கள் அவற்றை வாங்கித் தம் மேலாண்மை மென்பொருளை அமைத்துக்கொண்டன.

2000–2001 காலத்தில் இணைய நிறுவனங்களின் பங்குச்சந்தை வீழ்ச்சி தொலைத்தொடர்புத் துறையையும் தாக்கியது. வாங்குவோர் ஒரே துறையினராக இருந்ததால் அட்வென்ட்நெட்டின் வணிகமும் சரிந்தது. இந்நெருக்கடியிலிருந்து 2002இல் மேனேஜ்எஞ்சின் என்னும் புதிய பிரிவு பிறந்தது. வலையமைப்பைக் கண்காணிக்கும் தொழில்நுட்ப அறிவு பழையதே. வாங்குவோர் மட்டும் மாறினர். கருவி தயாரிப்போருக்கு மாற்றாக, எல்லாத் துறைகளிலும் உள்ள நிறுவனங்களின் கணினிப் பிரிவுகள் வாடிக்கையாளராயின. சில பெரிய வாடிக்கையாளரை நம்பியிருந்த நிலை, பல சிறிய வாடிக்கையாளரைச் சார்ந்த நிலையாக மாறியது. இதுவே முதல் மறுவார்ப்பு.

இணையச் செயலிகள்

இரண்டாவது மாற்றம் 2005இல் நிகழ்ந்தது. ஸோஹோ என்னும் பெயரில் எழுதுசெயலி, வாடிக்கையாளர் உறவு மேலாண்மை முதலிய செயலிகள் இணையவழி வெளிவந்தன. அப்போது சேல்ஸ்ஃபோர்ஸ் ஆறாண்டுகள் முன்னதாகவே தொடங்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே கூகுளும் இணைய ஆவணச் செயலித் துறையில் நுழைந்தது. இத்தகைய போட்டியில் உடனடி இலாபம் எதிர்பார்க்கத்தக்கதன்று. மேனேஜ்எஞ்சின் ஈட்டிய வருவாயே இணையச் செயலிகள் வேரூன்றும்வரை அவற்றைத் தாங்கியது. 2009இல் நிறுவனத்தின் பெயர் ஸோஹோ கார்ப்பரேஷன் என மாற்றப்பட்டபோதும், மேனேஜ்எஞ்சினும் தொடக்ககால வலையமைப்புத் தொழிலின் தொடர்ச்சியான வெப்என்எம்எஸ்ஸும் தனிப் பிரிவுகளாக நீடித்தன. பெயர் மாறியது, பழைய தொழில் அழியவில்லை.

மூன்றாவது மாற்றம் விற்பனை முறையைச் சார்ந்தது. 2017இல் வெளிவந்த ஸோஹோ ஒன், 35க்கும் மேற்பட்ட செயலிகளை ஒரே சந்தாவில் வழங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் தனித்தனியே உருவானவை ஒரே தொகுப்பாயின.

ஆள்வளமும் இடமும்

வெளிமுதல் இல்லாத நிறுவனத்திற்கு மனித உழைப்பே முதன்மையான முதல். பட்டச் சான்றிதழை அளவுகோலாகக் கொள்ளாமல், பள்ளிக் கல்வியையும் பட்டயப் படிப்பையும் முடித்தோருக்கு உதவித்தொகையுடன் பயிற்சியளிக்கும் பள்ளியை நிறுவனம் 2005இல் தொடங்கியது. 2011இல் தென்காசியில் அலுவலகம் அமைந்தது. அப்போது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இவற்றைச் சமூகத் தொண்டாக மட்டும் காண்பது முழுமையாகாது. பயிற்சியின் பலன் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகும். காலாண்டுக் கணக்கை எதிர்பார்க்கும் முதலீட்டாளர் இல்லாத இடத்திலேயே அத்தகைய காத்திருப்பு எளிதாகிறது.

ஒப்பீடு

ஸோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் இணைந்து தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், துணிகர முதலீட்டைப் பெற்று வளர்ந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரே நகரத்தில், ஒத்த பொருள்களைக் கொண்டு இரு வழிகளும் பலனளித்தன. எனவே தன்முதல் வழியே சிறந்தது என்னும் முடிவுக்கு இவ்வரலாறு இடம்தரவில்லை. நெருக்கடியில் அழிந்த தன்முதல் நிறுவனங்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது என்பதும், ஸோஹோவின் கதை பெரிதும் நிறுவனர் கூற்றுகள் வழியே பரவியது என்பதும் ஆய்வாளர் மனங்கொள்ளத்தக்கவை.

முடிவுரை

2025 சனவரியில் ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பிலிருந்து விலகித் தலைமை அறிவியலாளரானார். அதுவரையிலான ஏறத்தாழ முப்பதாண்டு வரலாறு காட்டுவது இது: இடைவிடாத மாற்றம் என்பது பழையதைத் துறத்தல் அன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஈட்டும் தொழில் ஒன்று இருந்தமையால்தான் இன்னும் ஈட்டாத தொழில் வளர முடிந்தது. துணிவைக் காட்டிலும் இவ்வடுக்குமுறையே தன்முதல் வளர்ச்சியை விளக்குகிறது. தமிழகத்தின் பிற மென்பொருள் நிறுவனங்களின் வரலாற்றையும் இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.