காரில் குழந்தையின் இடம்: ஒரு வரலாறு

காரில் செல்லும் குழந்தைக்குப் பின்னிருக்கையே பாதுகாப்பானது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் கார் சாலைக்கு வந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகே இக்கருத்து நிலைபெற்றது. அதுவரை குழந்தை பெரும்பாலும் முன்னிருக்கையிலோ தாயின் மடியிலோ இருந்தது.

1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழந்தை இருக்கைகளின் நோக்கம் உயிர்காப்பு அன்று. குழந்தையைச் சற்று உயர்த்தி உட்கார வைத்தால் அது வெளியே வேடிக்கை பார்க்கும். ஓட்டுநரின் கண்ணிலும் படும். இருக்கைகளுக்கிடையே ஏறி இறங்காது. பின்னாளில் வந்த சிலவற்றை முன்னிருக்கையின் முதுகில் கொக்கியால் மாட்டிவிடலாம். விளையாட்டு ஸ்டியரிங் பொருத்தப்பட்டவையும் உண்டு. பிரேக் போடும்போது தாய் பக்கவாட்டில் நீட்டும் கைதான் அக்காலக் குழந்தைக்குச் சீட் பெல்ட்.

மோதலில் குழந்தையைக் காக்கும் நோக்கத்துடன் 1962இல் பிரிட்டனில் ஜீன் ஏம்சும் அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கினும் தனித்தனியே இருக்கைகளை வடிவமைத்தனர். சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற ஆய்வாளர், விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்து அமர்ந்து உந்துவிசையைத் தாங்கும் முறையைக் கவனித்தார். குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது, கழுத்தோ வலுவற்றது. முன்னோக்கி அமர்ந்திருந்தால் மோதலில் தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து இழுபடும். பின்னோக்கி அமர்ந்திருந்தால் முதுகு முழுவதும் அந்த விசையைப் பகிர்ந்துகொள்ளும். இக்கருத்தின் அடிப்படையில் அமைந்த மாதிரி இருக்கையை வோல்வோ நிறுவனம் 1964இல் சோதித்தது. ஆனால் இந்தப் பின்னோக்கிய இருக்கை சுவீடனில் முன்னிருக்கையிலேயே பரவலாகப் பொருத்தப்பட்டது. குழந்தை அமரும் திசைதான் மாறியது, இடம் மாறவில்லை. காற்றுப்பை இல்லாத அக்காலத்தில் அதில் பிழையும் இல்லை.

சட்டம் மெதுவாகவே வந்தது. குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்சின் முயற்சியால் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1977இல் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கியது. 1978இல் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் போதும், இருக்கை தேவையில்லை என்றது ஒரு விலக்கு. மோதலில் உடல்மீது புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு விசை செயல்பட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தை 200 கிலோ பளுவாகிவிடும். அதை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பெல்ட் அணியாத பெரியவரோ தன் எடையாலேயே மடியிலுள்ள குழந்தையை நசுக்கிவிடுவார். 1981இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

குழந்தையை முன்னிருக்கையிலிருந்து உண்மையில் வெளியேற்றியது காற்றுப்பைதான். அன்றைய அமெரிக்க விதிப்படி, பெல்ட் அணியாத சராசரி ஆணையும் அது காக்க வேண்டும். எனவே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பெரும் விசையுடன் விரியுமாறு அதை அமைத்தனர். முன்னிருக்கையில் பின்னோக்கிப் பொருத்திய குழந்தை இருக்கையின் முதுகுப்புறம் அந்தப் பைக்கு மிக அருகில் இருக்கும். பை விரியும் வேகத்தில் இருக்கையோடு சேர்த்துக் குழந்தையின் தலையைத் தாக்கியது. பெரியவர்கள் சிறு காயத்துடன் இறங்கி நடக்கக்கூடிய குறைவேக மோதல்களில்கூடக் குழந்தைகள் இறந்தனர். குறைவேக மோதல்களில் விரிந்த முன்புறக் காற்றுப்பைகளால் 1990 முதல் 2008 வரை அமெரிக்காவில் குழந்தைகளும் பெரியவர்களுமாக 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1990களின் நடுப்பகுதியில் இது பெரும் பொது விவாதமாயிற்று. எச்சரிக்கை ஒட்டிகள் பெரிதாக்கப்பட்டன. 1997இல் பையின் விசையைக் குறைக்க அனுமதி கிடைத்தது. குழந்தைகள் பின்னால் அமரட்டும் என்ற பரப்புரை அப்போதுதான் வீடுகளை எட்டியது.

புள்ளிவிவரங்களும் அதை உறுதிசெய்தன. 12 வயதுக்குட்பட்டோர் குறித்து 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, பின்னிருக்கையில் உயிரிழக்கும் வாய்ப்பு, காற்றுப்பை இல்லாத கார்களில் 35 விழுக்காடும், பயணிக்கான காற்றுப்பை உள்ள கார்களில் 46 விழுக்காடும் குறைவு. பின்னிருக்கையிலும் ஓரங்களைவிட நடுவில் அமர்ந்தோருக்கு இடர் மேலும் 10 முதல் 20 விழுக்காடு குறைவு. மூன்று வயது வரை குழந்தை இருக்கையில் சென்றவர்களைப் பற்றிய 2008ஆம் ஆண்டு ஆய்வில், நடுவில் இருந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு ஓரத்தில் இருந்தவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தது. பக்கவாட்டு மோதலில் கதவு உள்ளே நசுங்கும். நடு இருக்கை இரு கதவுகளிலிருந்தும் தள்ளியிருக்கிறது.

இதற்குள் வேறொரு சிக்கல் முளைத்திருந்தது. குழந்தை இருக்கையைச் சீட் பெல்ட்டால் கட்டும்போது பலர் தளர்வாக விட்டுவிட்டதால், அதைக் காரின் உலோகக் கொக்கிகளிலேயே பூட்டும் ஐசோஃபிக்ஸ் முறை வந்தது. அமெரிக்காவில் 2002இல் இத்தகைய கொக்கிகள் கட்டாயமாயின. ஆனால் பெரும்பாலான கார்களில் அவை பின்னிருக்கையின் இரு ஓரங்களில்தான் உள்ளன. நடு இருக்கை பல கார்களில் குறுகலாகவும் மேடாகவும் இருக்கும். ஆய்வு நடுவைக் காட்ட, கார் ஓரத்தைக் காட்டுகிறது. நடுவில் ஆடும் இருக்கையைவிட ஓரத்தில் அசையாமல் பூட்டிய இருக்கையே மேல் என்பதால், பல பெற்றோர் ஓரத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். அப்போது நடைபாதைப் பக்கம் ஏற்றது. போக்குவரத்துக்கு நடுவே நின்று குழந்தையை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. சாலையின் இடப்புறம் செல்லும் இந்தியாவிலும் இலங்கையிலும் அது இடது பக்கம்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. குழந்தை முன்னால் அமர வேண்டுமா, பின்னால் அமர வேண்டுமா என்பதை அப்பிரிவு குறிப்பிடவில்லை.