இருபத்திரண்டு மாலைகள்

போன வருடம் வீடு மாறும்போது பழைய பெட்டியொன்றிலிருந்து நீலமட்டைக் கொப்பி ஒன்று கிடைத்தது. முதற்பக்கத்தில் என் கையெழுத்தில் 'ஓகஸ்ட் 2010' என்று எழுதியிருந்தது. உள்ளே கோடு போட்ட நான்கு பத்திகள்: நேரம், பெயர், இடம், சொல்ல வருவது. சில பக்கங்களின் ஓரத்தில், சிவப்பு மையில், ஐந்தாவதாக ஒன்று: 'வானலை வேண்டாம்'.

அந்தக் கோடையில் நான் பல்கலைக்கழக மாணவன். ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில், திங்கள் முதல் வெள்ளி வரை மாலையில் நடக்கும் கலந்துரையாடல் நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை. சம்பளம் இல்லை, தேநீரும் இடியப்பமும் உண்டு. அழைப்பவரின் பெயரையும் இடத்தையும் கேட்பேன். "றேடியோச் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு நில்லுங்கோ" என்பேன். பிறகு துண்டில் எழுதிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறிவிப்பாளர் அண்ணைக்குக் காட்டுவேன்.

இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படலாம். தொண்ணூறுகளில் ரொறன்ரோத் தமிழ் வானொலிகள் பல, சாதாரண வானொலிப் பெட்டியில் கேட்காதவை. பண்பலை நிலையமொன்றின் துணை அலைவரிசையை வாடகைக்கு எடுத்து ஒலிபரப்புவார்கள். அதைப் பிரித்தெடுக்கத் தனிப்பெட்டி ஒன்று வாங்கவேண்டும். எங்கள் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மரண அறிவித்தல், மரக்கறி மலிவு விற்பனை, சட்டத்தரணியின் விளம்பரம், பாட்டு, செய்தி எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வந்தன. 2010 அளவில் இணையமும் வேறு அலைவரிசைகளும் வந்துவிட்டன. ஆனாலும் வேலை முடிந்து வாகனத்தில் வருபவர்களும், சமையலறையில் நிற்பவர்களும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களும் மாலையானால் வானொலியைத்தான் போட்டார்கள்.

அந்த மாதத்தில் இருபத்திரண்டு வேலைநாட்கள், இருபத்திரண்டு மாலைகள். முதல் வாரத்தைப் பார்த்தால் எந்த வருடத்தின் ஓகஸ்டும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். இரண்டாம் திகதி தலைப்பு: 'இந்தக் கோடையில் ஊருக்குப் போகலாமா?' யுத்தம் முடிந்து, ஏ-9 வீதி திறந்தபின் வந்த முதற்கோடை அது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போக விமானச்சீட்டு எடுத்தவர்களும், "ஆமிக்காரன்ர சென்றியைத் தாண்டி என்னெண்டு சாமி கும்பிடுறது" என்று கேட்டவர்களும் மாறிமாறி வந்தார்கள். மூன்றாம் திகதி புதிய விற்பனை வரி. ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் இரு வரிகளும் இணைந்து 13 வீதமானதால், பெற்றோலுக்கும் மின்சாரத்துக்கும் முன்பில்லாத 8 வீதம் கூடிவிட்டது. நான்காம் திகதி குடிசன மதிப்பீடு. கட்டாயமாக இருந்த நீண்ட வினாக்கொத்தை அரசாங்கம் கைவிடப்போகிறது என்ற சர்ச்சை அப்போது நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. புள்ளிவிபரத் திணைக்களத்தின் தலைவர் முனிர் ஷேக் ஜூலையில் அதற்காகவே பதவி விலகியிருந்தார். 'எங்களை யார் எண்ணுவது?' என்பது அன்றைய தலைப்பு. வியாழன், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் போக மறுப்பது பற்றி. வெள்ளி பாட்டு: மலேசியாவில் ஜூலை 31 அன்று வெளியான 'எந்திரன்' பாடல்களைக் கேட்டு எல்லா இணைப்புகளும் நிறைந்துவிட்டன.

கப்பல் பற்றிய பேச்சு ஏற்கனவே இருந்தது. தமிழரை ஏற்றிய கப்பலொன்று கனடாவை நோக்கி வருகிறது என்று ஆங்கிலப் பத்திரிகைகள் ஜூலையிலிருந்தே எழுதிவந்தன. நாங்கள் அதைத் தலைப்பாக எடுக்கவில்லை. ஏன் என்று அறிவிப்பாளர் அண்ணையைக் கேட்டேன். "வரட்டும் பாப்பம்" என்றார்.

ஓகஸ்ட் 11, புதன்கிழமை. அன்றுதான் கொழும்பில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் முதல் அமர்வைத் தொடங்கியது. அதன்முன் யார் போய்ச் சாட்சி சொல்வார்கள் என்பதைப் பற்றிப் பேசினோம். கொப்பியின் அந்தப் பக்கத்தை இப்போது புரட்டும்போது இன்னொன்று உறைக்கிறது. அதே ஓகஸ்ட் 11, 1986இல்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீன்பிடிக் கப்பல்கள் கண்டெடுத்தன. கனடாத் தமிழரின் கதையை அந்தப் படகுகளிலிருந்து தொடங்குபவர்கள் நிறையப் பேர். ஆனால் சரியாக இருபத்துநான்கு வருடம் நிறைந்த அந்த மாலையில் அதைப்பற்றி எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மாலை கனேடியக் கடற்படையும் பொலிசாரும் 'சன் சீ' கப்பலில் ஏறினார்கள். 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை அது வன்கூவர் தீவின் எஸ்கைமால்ற் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 492 பேர்: 380 ஆண்கள், 63 பெண்கள், 49 பிள்ளைகள். வழியில் ஒருவர் இறந்துபோயிருந்தார். அன்று பாட்டு நிகழ்ச்சி இல்லை.

இனி எழுதப்போவது சொல்லச் சங்கடமானது. அடுத்த வாரத்துப் பக்கங்களில் 'சொல்ல வருவது' என்ற பத்தியை ஒவ்வொன்றாக வாசித்தால், கப்பலில் வந்தவர்களுக்காகப் பேச வந்தவர்கள் அளவுக்கு அவர்கள்மேல் கோபப்பட வந்தவர்களும் இருக்கிறார்கள். "எங்கட பேர் கெடுது." "வேலையிடத்தில முகம் காட்டேலாமல் கிடக்கு." "நாங்கள் வரிசையில நிண்டு வந்தனாங்கள்." இந்த 'வரிசை' என்ற சொல் ஆங்கிலப் பேச்சு வானொலியிலிருந்து எங்களுக்கு வந்தது. பகலில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும்போது கேட்டதை எங்கள் ஆட்கள் மாலையில் தமிழில் சொன்னார்கள். 17ஆம் திகதி தொலைக்காட்சி விவாதமொன்றில் மேயர் வேட்பாளர் ரொப் ஃபோர்ட், இருக்கும் இருபத்தைந்து லட்சம் பேரையே இந்த நகரத்தால் சமாளிக்க முடியவில்லை, இன்னும் ஆட்களைக் கொண்டுவருமுன் இருப்பவர்களைக் கவனிக்கவேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். மறுநாள் எங்களுக்கு வந்த அழைப்புகளில் அவர் சொன்னது சரி என்றவர்களும் இருந்தார்கள். ஒக்ரோபரில் அவர் மேயராகத் தெரிவானார்.

வரிசை என்று ஒன்று இருந்ததா? குடிவரவுக்கு உண்டு, அகதிக்கு இல்லை. அடைக்கலம் தேடி நேரடியாக வருபவரைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்பது 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. கனடா அதில் 1969இல் இணைந்தது. கனடா மண்ணில் நிற்கும் எவருக்கும் உரிமைகள் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு, அகதிக் கோரிக்கையாளரை நேரில் விசாரிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4இல் 'சிங்' வழக்கில் தீர்ப்பளித்தது. எங்கள் பெற்றோரில் எத்தனையோ பேர் விசாரணை அறையில் உட்கார்ந்து கதை சொல்ல முடிந்தது அந்தத் தீர்ப்பினால்தான். இதை அன்று வானலையில் சொல்ல எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

19ஆம் திகதி, எட்டு மணிக்குக் கிட்ட ஓர் அழைப்பு. இடம்: அஜாக்ஸ். சொல்ல வருவது: '86'. அவர் அந்த உயிர்காப்புப் படகுகளில் ஒன்றில் இருந்ததாகச் சொன்னார். தாங்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியதையும், அதை மறைத்து இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னதையும், உண்மை வெளிவந்தபோது பத்திரிகைகள் திட்டியதையும் ஒளிக்காமல் சொன்னார். எதிர்ப்பு எவ்வளவு இருந்தும் பிரதமர் மல்றோனி தங்களைத் திருப்பி அனுப்பவில்லை என்றார். பிறகு சொன்னதை நான் கொப்பியில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "எங்களைத் தூக்கி ஏத்தின அந்த மீன்பிடிகாரன் பேப்பர் கேக்கேல்லத் தம்பி. குளிருதோ எண்டுதான் கேட்டவன்." அந்த மீனவத் தலைவனின் பெயர் கஸ் டோல்ரன் என்பது எனக்குப் பின்னர் தெரிந்தது. அந்த அழைப்புக்குப் பிறகு, காத்திருந்த இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அவர்கள் எந்தப் பக்கம் பேச வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும், எழுதி வைத்திருக்கிறேனே.

இங்கே பிறந்த பிள்ளைகளும் எடுத்தார்கள். ஒரு மாணவி, ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாக, 1914இல் வன்கூவரில் இரண்டு மாதம் மறித்துவைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட 'கொமகட்ட மாரு' பற்றிப் பேசினாள். 376 பயணிகளில் பெரும்பாலானோர் சீக்கியர். அதற்குப் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டது 2008இல். இரண்டு வருடத்தில் அதே கரைக்கு இன்னொரு கப்பல் வந்தது. அறிவிப்பாளர் அண்ணை அவளுக்கு வழக்கத்தைவிடக் கூட நேரம் கொடுத்தார்.

ஒவ்வொரு கப்பலும் பின்னால் ஒரு சட்டத்தை விட்டுச் செல்கிறது. 1987இல் நோவா ஸ்கோஷியாக் கரையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர், வந்திறங்கியதும் கோடை விடுமுறையிலிருந்த நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. 'சன் சீ' வந்து இரண்டே மாதத்தில் சி-49 என்ற சட்டமூலம் வந்தது. அது அப்போது நிறைவேறாவிட்டாலும் அதன் சாரம் 2012இல் சி-31 வழியாகச் சட்டமாகியது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மனிதாபிமான உதவி செய்பவரையும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அகதிகளையும் உறவினரையும் ஆட்கடத்தற்காரராக நடத்தமுடியாது என்று தெளிவாக்கியது. நீதிமன்றத்தின் முன் இருந்தவை 'சன் சீ'யோடும், அதற்கு முன் 2009 ஒக்ரோபரில் 76 பேருடன் வந்த 'ஓசன் லேடி'யோடும் தொடர்புடைய வழக்குகள்.

இவையெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. கொப்பியின் சிவப்பு மைப் பத்தியில் இருப்பது வேறெங்கும் இல்லை.

13ஆம் திகதியிலிருந்து தினமும் நிகழ்ச்சி தொடங்குமுன் ஓர் அம்மா எடுப்பார். இடத்தைச் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. "தம்பி, வானலையில போடாதையுங்கோ. லிஸ்ற் வந்திட்டுதே?" கப்பலில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல். தங்கையின் மகனை முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு காணவில்லை. தப்பித் தாய்லாந்துக்குப் போயிருந்தால் கப்பலில் ஏறியிருப்பான் என்பது அவர் கணக்கு. அகதிக் கோரிக்கை விசாரணைகள் சட்டப்படி இரகசியமானவை. பட்டியல் வானொலிக்கு வரப்போவதில்லை. அதைச் சொன்னேன். அடுத்த நாளும் எடுத்தார். அவரைப்போல இன்னும் சிலர். ஆண்கள் மேப்பிள் றிட்ஜில் சிறைக்கூடத்தில், தாய்மாரும் பிள்ளைகளும் பேர்ணபியில் என்று செய்தி வந்தபோது, "ஆம்பிளையள் இருக்கிற இடத்து நம்பர் இருக்கோ?" என்று கேட்டார். தடுப்புக்காவல் முதலில் 48 மணித்தியாலத்திலும், பின் ஏழு நாளிலும், பின் முப்பது நாளுக்கொருமுறையும் மீளாய்வு செய்யப்படும் என்று சட்டத்தரணி ஒருவர் நிகழ்ச்சியில் விளக்கினார். அன்றிரவு அவர் எடுத்து அந்த எண்களைத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். 31ஆம் திகதியுடன் என் கொப்பி முடிகிறது. செப்ரெம்பரில் வகுப்புத் தொடங்கியதால் நான் போகவில்லை.

இதை எழுதுவதற்காக அந்த வானொலியில் அப்போது வேலைசெய்த ஒருவரிடம் ஒலிப்பதிவுகள் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். கணினியில் இடமில்லாததால் பழையதை அழித்து அழித்துத்தான் புதியதைப் பதிந்தார்களாம். கனடாவின் வானொலி ஒழுங்குவிதிகளே உரிமம் பெற்ற நிலையங்களிடம் ஒலிப்பதிவை நான்கு வாரம் வைத்திருக்கத்தான் கேட்கின்றன; முறைப்பாடு வந்தால் எட்டு வாரம். எங்கள் பேச்சின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம்.

அச்சில் வந்ததைக் காப்பாற்ற எங்களிடம் முயற்சி இருக்கிறது. 2005இலிருந்து 'நூலகம்' நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. ஆனால் அந்த ஓகஸ்டைப் பற்றி நாளை ஆராய்பவருக்கு முதலில் கிடைப்பவை அமைச்சர் விக் ரேவ்ஸின் அறிக்கைகள், ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள். எங்களைப்பற்றி மற்றவர்கள் சொன்னது இருக்கிறது. நாங்கள் எங்களுக்குள் சொன்னது, அதுவும் தைரியமும் வெட்கமும் கலந்து சொன்னது, ஒரு மாணவனின் அவசரக் கையெழுத்தில் மட்டும்தான்.

எங்கள் அப்பாவும் 'வரிசை' என்று சொன்னவர்தான். ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்து, "நீங்கள் எப்பிடி அப்பா வந்தனீங்கள்?" என்று கேட்டேன். "நான் பிளேனில வந்தனான்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். மிச்சத்தைச் சொல்ல அவருக்கு ஒன்பது வருடம் எடுத்தது: வேறொருவரின் கடவுச்சீட்டு, அதைக் கிழித்துப் போட்ட மிராபெல் விமானநிலையக் கழிப்பறை, வெளியே வந்ததும் பொலிசிடம் சொல்ல மனப்பாடம் செய்திருந்த ஒரேயொரு ஆங்கில வாக்கியம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். நாற்பத்தொரு நிமிடம். நடுவில் அம்மா வந்து தேத்தண்ணி வேணுமோ என்று கேட்பதும் அதில் இருக்கிறது.

கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்துவிட்டேன். பெயர்களை மறைத்து ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கப்போகிறேன். சிவப்பு மைப் பத்தியைக் கொடுப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. 'வானலை வேண்டாம்' என்று சொன்னவர்கள் அவர்கள்.