அச்சத்தில் பிறந்த பொழுதுபோக்கு



சென்ற ஆண்டின் முதல் தவணையில் ஒரு தாயார் என்னைக் காணப் பள்ளிக்கு வந்திருந்தார். அவருடைய மகள் உயர்நிலை ஒன்றில் என் தமிழ் வகுப்பில் பயின்றாள். இணைப்பாட நடவடிக்கையாகத் துப்பாக்கி சுடுதலைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒப்புதல் படிவம் கையொப்பம் இன்றி ஒரு வாரமாகப் புத்தகப் பையிலேயே கிடந்ததாம்.

"பெண்பிள்ளை கையில் துப்பாக்கியா ஐயா? பண்ருட்டியில் இருக்கும் என் அம்மாவிடம் சொன்னேன். பிள்ளையைப் படிக்க அனுப்பினாயா, சண்டைக்கு அனுப்பினாயா என்று கேட்டுவிட்டார். இவளுடைய அப்பாவோ, தேசிய சேவையில் நான் சுட்டதே போதும், அது விளையாட்டுப் பொருள் இல்லை என்கிறார். நீங்கள் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அந்தத் தந்தை சொன்னது முற்றிலும் உண்மை என்பதை நான் அறிவேன். நானும் எம்-16 துப்பாக்கியைச் சுமந்தவன்தான். அதே வேளையில், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றும் என் மனத்தில் இருந்தது. பாசிர் லாபாவின் புல்தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, தொலைவில் நின்ற அட்டை உருவத்தைக் குறிபார்த்த அந்தச் சில நொடிகள் எனக்குப் பிடித்திருந்தன. இராணுவப் பயிற்சியில் நான் விரும்பியது அது ஒன்றுதான். அவ்விருப்பம் சரியா, தவறா என்று அக்காலத்தில் நான் ஆராய்ந்ததில்லை. இரண்டு நாள் தவணை கேட்டு அத்தாயாரை அனுப்பிவிட்டு, கொலைக்கருவி ஒன்று எவ்வாறு பொழுதுபோக்காக மாறிற்று என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கதை பெரும்பாலும் அச்சத்தில்தான் தொடங்குகிறது. நம் தீவையே எடுத்துக்கொள்வோம். 1854ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹொக்கியன், தியோச்சியூ மக்களிடையே பெருங்கலவரம் மூண்டது. அதன் பின்னரே சிங்கப்பூர்த் தொண்டூழியத் துப்பாக்கிப் படை அமைந்தது. வணிகர்களும் எழுத்தர்களும் அலுவல் நேரம் போக மீதி நேரத்தில் சுடப் பழகினார்கள். இங்கிலாந்திலும் இதே நிலைதான். மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரக்கூடும் என்ற பீதியில் 1859இல் ஊர்தோறும் தொண்டர் படைகள் முளைத்தன. அவர்களுக்குக் குறிபார்க்கக் கற்றுத்தர வேண்டுமென்று அதே ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சங்கம் நிறுவப்பட்டது. 1860 ஜூலை 2ஆம் நாள் விம்பிள்டன் பொதுவெளியில் அச்சங்கத்தின் முதற்போட்டியை விக்டோரியா மகாராணியார் தொடங்கி வைத்தார். விட்வொர்த் துப்பாக்கி ஒன்றை முன்கூட்டியே குறிபார்த்து இரும்புத் தாங்கியில் பொருத்தி வைத்திருந்தார்கள். மகாராணியார் ஒரு பட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுப்பகுதியைக் குண்டு துளைத்தது. (இப்படிச் சுடுவதானால் நானும் வாகை சூடுவேன்!)

நெப்போலியன் வரவேயில்லை. ஆனால் சுடப் பழகியவர்கள் வீடு திரும்பவும் இல்லை. ஆண்டுதோறும் கூடாரமிட்டுத் தங்கி, போட்டியிட்டு, விருந்துண்டு மகிழ்ந்தார்கள். விம்பிள்டன் போதாமற்போய் 1890இல் பிஸ்லி என்னும் இடத்துக்குப் போட்டி மாறியது. காரணம் மறைந்த பின்னும் பழக்கம் நிலைத்துவிட்டது. அந்தப் பிஸ்லியில் 1930ஆம் ஆண்டு மார்ஜரி ஃபாஸ்டர் என்னும் பெண்மணி, ஆடவர் அனைவரையும் வென்று மன்னர் பரிசைப் பெற்றார். அப்பரிசை வென்ற முதற்பெண் அவரே. அவர் இராணுவ அதிகாரி அல்லர், கோழிப்பண்ணை நடத்தியவர். வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு புள்ளி.

சுவிட்சர்லாந்தின் கதை இன்னும் சுவையானது. 1824இல் ஆராவ் நகரில் அந்நாட்டின் முதல் கூட்டாட்சிக் குறிசுடும் விழா நடைபெற்றது. மொழியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்த மாநிலங்களின் மக்கள் ஒரே திடலில் கூடிப் பழக அது வழிவகுத்தது. இன்றும் சூரிக்கில் ஒவ்வொரு செப்டம்பரிலும் சிறுவர் குறிசுடும் விழா நடைபெறுகிறது. 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் 300 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை இராணுவத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். பக்கத்திலேயே ராட்டினங்களும் தின்பண்டக் கடைகளும் இருக்கும். நம்மூரில் கேட்டாலே மயக்கம் வரும் செய்தி இது! பெயரே 'சிறுவர்' விழா என்பதால் நூறாண்டுகளுக்கு மேலாகப் பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. 1991இல்தான் கதவு திறந்தது.

இவ்வளவும் படித்தபோது, படிவத்தில் கையொப்பமிடச் சொல்லிவிடலாம் என்றே எண்ணினேன். அதற்கு மறுநாள் இரவு டன்பிளேன் பற்றிய பகுதிக்கு வந்தேன்.

1996 மார்ச் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவன் நுழைந்து, 16 குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் பயன்படுத்தியவை சட்டப்படி உரிமம் பெற்று வைத்திருந்த கைத்துப்பாக்கிகள். அவற்றைப் பொழுதுபோக்குக்கென்றே அவன் வாங்கியிருந்தான். ஆசிரியர் தொழிலில் இருக்கும் எவரும் இதை எளிதில் கடந்து போக முடியாது. அன்றிரவு நான் மேற்கொண்டு படிக்கவில்லை.

குழந்தைகளை இழந்த பெற்றோர் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை கோரிக் குரல் கொடுத்தார்கள். 1997இல் பிரிட்டனில் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து நிறைவேறின. ஏறத்தாழ எல்லாக் கைத்துப்பாக்கிகளையும் தனியார் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. எத்தவறும் செய்யாத ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் தங்கள் துப்பாக்கிகளை அரசிடம் ஒப்படைத்தார்கள். கைத்துப்பாக்கி வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு செல்ல வேண்டியதாயிற்று. 2002ஆம் ஆண்டு மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்கும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கிற்கும் சிறப்பு விலக்கு தேவைப்பட்டது. அந்த ஆர்வலர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும், அப்பெற்றோர் கேட்டதை மறுத்துரைக்க என்னிடம் சொல் இல்லை.

அதன் பிறகுதான் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே பிழை என்று தோன்றிற்று. துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பதன்று கேள்வி. அது எங்கே இருக்கிறது, எவர் பொறுப்பில் இருக்கிறது என்பதே கேள்வி. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் துப்பாக்கியால் ஒருவரைத் தாக்க முயல்வோருக்கு மரண தண்டனை விதிக்கிறது. மாணவர்கள் பழகுவதோ காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் ரைபிளில். பயிற்சி முடிந்ததும் அது ஆயுத அறைக்குப் போய்விடும், வீட்டுக்கு வராது.

அதன் இலக்கைப் பற்றியும் கூற வேண்டும். 10 மீட்டர் தொலைவில் ஓர் அட்டை. அதில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீட்டர், கடுகினும் சிறிது. ஈய ரவையின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். அனைத்துலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஆணும் பெண்ணும் அப்பொட்டை 60 முறை சுட வேண்டும். மூச்சு ஏறி இறங்கினால் துப்பாக்கியின் முனை அசையும். இதயம் துடித்தாலே அசையும். தேர்ந்தவர்கள் இரு துடிப்புகளுக்கு இடையிலான அமைதியில் விசையை அழுத்துவார்கள் என்பார்கள். உடல் வலிமைக்கு இங்கே பெரிய வேலையில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஆணும் பெண்ணும் கலந்து போட்டியிட்ட 50 மீட்டர் பிரிவில், அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக்கும் லானி பாஷமும் 1162 என்று ஒரே புள்ளி பெற்றனர். விதிப்படி தங்கம் பாஷமுக்குச் சென்றது. நாட்டுப்பண் ஒலித்தபோது அவர் மர்டாக்கைக் கைபிடித்து முதற்படிக்கு ஏற்றித் தம்முடன் நிறுத்திக்கொண்டார். நம் அண்டை நாடான மலேசியாவின் நூர் சூர்யானி 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். இறுதிச்சுற்றை எட்டவில்லை, 34ஆம் இடம். எனக்கு அந்த 34 ஒரு பதக்கத்தைவிட நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் அத்தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். டன்பிளேனை நான் மறைக்கவில்லை. காற்றுத் துப்பாக்கியின் விதிகளையும் கூறினேன். பேச்சின் இடையே இளவேனில் வாலறிவன் என்னும் பெண்ணைக் குறிப்பிட்டேன். 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர். அகமதாபாத்தில் வளர்ந்தாலும் பிறந்தது கடலூரில்.

"கடலூரா? எங்கள் மாவட்டமாயிற்றே!" என்றார். குரலே மாறிவிட்டது. மரியாதைக்குரிய வரலாற்று ஆதாரங்கள் செய்யாததைக் கடலூர் செய்தது. மறுநாள் படிவம் கையொப்பத்துடன் வந்தது. கையொப்பம் தந்தையுடையது.

சில மாதங்கள் கழித்து, பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் அக்குடும்பத்தைப் பார்வையாளர் வரிசையில் கண்டேன். மகள் தடித்த மேற்சட்டையும் விறைத்த காலணிகளும் அணிந்து, சிலைபோல் நின்றிருந்தாள். துப்பாக்கியை உயர்த்தினாள், கன்னத்தை வைத்தாள். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு சுடாமலே தாழ்த்திவிட்டாள்.

"ஏன் ஐயா சுடவில்லை?" என்று தாயார் பதற்றத்துடன் என்னிடம் கேட்டார்.

"கை நிலைக்கவில்லை. அதுதான் இறக்கிவிட்டாள். சரியாகத்தான் செய்கிறாள்" என்று தந்தை முந்திக்கொண்டு விடை சொன்னார். அவருடைய கண்கள் மகளை விட்டு அகலவில்லை. அவள் மூச்சை வெளியே விட்டு, மீண்டும் துப்பாக்கியை உயர்த்தினாள்.