படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி

சினிமா தியேட்டரின் சுற்றொலி வீட்டுக்கு வந்தது இரண்டே ஒயரில்தான். 1970களின் நடுவில் டால்பி ஸ்டீரியோ, நான்கு ஒலித்தடங்களை இரண்டு தடங்களுக்குள் மடித்துப் படச்சுருளில் பதித்தது. அதே முறை 1982இல் டால்பி சரவுண்ட் என்ற பெயரில் வீட்டுக் கருவிகளுக்கு இறங்கியது. 1987இல் வந்த புரோ லாஜிக் நடு ஸ்பீக்கரின் ஒலியையும் தனியே பிரித்தது. பிரிக்கும் வேலை ஆம்ப்ளிபையருக்கு வந்து சேர, அதனுடன் வீடியோ டெக்கின் படத்தையும் மாற்றிவிடும் ஸ்விட்ச் கூட, ஏவி ரிசீவர் உருவானது.

தென்னிந்திய வீடுகளில் கதை வேறு. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி பரவியது. சென்னை பர்மா பஜார் வழியாக வீடியோ டெக்குகள் வந்தன. பல டிவிகளில் ஆன்டெனா சாக்கெட் தவிர வேறு வழியில்லை. டெக்கிலிருந்து படமும் ஒலியும் அந்த ஒரே கேபிளில் நுழைந்தன. சத்தம் போதாதவர்கள் டெக்கின் ஆடியோ அவுட்டிலிருந்து தனி ஒயர் இழுத்து டேப்ரெக்கார்டர் ஆம்ப்ளிபையரில் செருகினார்கள். படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி என்ற பழக்கம் அன்று தொடங்கியது.

1996இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி, பின்னர் இங்கும் பரவி அந்தப் பழக்கத்தை உறுதியாக்கியது. வெளிநாட்டு ரிசீவர் எட்டாத விலையில் இருந்ததால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவின் உதிரிபாகங்களைக் கொண்டு அசெம்பிள் செட் கட்டும் தொழில் வளர்ந்தது. ஆந்திர எல்லையில் வெதுருகுப்பம், புத்தூர், நகரி போன்ற ஊர்களிலிருந்து அந்தத் தெரு சில மணி நேரப் பயணம். சிறிய செட்டுக்கு 4440 ஐசி போர்டு, பெரியதற்கு 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி, கனமான டிரான்ஸ்பார்மர், பிளைவுட் பெட்டியில் வூஃபர். டிவிடியில் இருந்த டால்பி டிஜிட்டல் ஒலியைத் தடங்களாகப் பிரிக்கும் வேலையை டிவிடி பிளேயரே செய்துவிட்டது. அதன் முதுகில் இருந்த ஆறு ஆர்சிஏ சாக்கெட்டுகளிலிருந்து ஆறு ஒயர்கள் செட்டுக்குப் போயின. மஞ்சள் ஒயர் மட்டும் நேரே டிவிக்கு. ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பாஸ் காணாமல் போகும். செட்டே பழுது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடாமல் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். உண்மையில் இந்தப் பகுதியின் ஹோம் தியேட்டரை வளர்த்தது பெரிய பிராண்டுகளைவிட இந்த அசெம்பிள் மேஜைகளே.

2002 டிசம்பரில் வெளியான எச்டிஎம்ஐ இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. படமும் ஒலியும் டிஜிட்டலாக ஒரே கேபிளில் ஓடின. செட்டாப் பாக்ஸ், ப்ளூ-ரே எல்லாம் ரிசீவரில் நுழைந்து, அங்கிருந்து ஒரே கேபிள் டிவிக்குப் போனது. ஆனால் இந்த கேபிளில் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டும் ஓடியது. அதன் சாவி உரிமம் பெற்ற சாதனங்களுக்கே கிடைக்கும். அசெம்பிள் செட்டில் படத்தைக் கடத்துவது எளிதாக இல்லை. டிவியின் ஆப்டிகல் அவுட்டில் வரும் ஒலியை மட்டும் பிரிக்கும் டிகோடர் போர்டுகளே செட் கட்டுபவர்களுக்குக் கைகொடுத்தன.

ஸ்மார்ட் டிவி வந்ததும் போக்கு மறுபடி திரும்பியது. படமே டிவிக்குள் பிறப்பதால், ஒலி அங்கிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். 2009இல் எச்டிஎம்ஐ 1.4 அதற்காக ஏஆர்சி வழியைச் சேர்த்தது, 2017இன் 2.1 பதிப்பு அதை அகலப்படுத்தி இஏஆர்சி ஆக்கியது. முதல் வகையில் சுருக்கப்பட்ட பல தட ஒலி போகும். சுருக்காத பல தட ஒலிக்கு இரண்டாவது தேவை. டிவியின் பின்புறம் பல எச்டிஎம்ஐ சாக்கெட்டுகள் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றில்தான் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். ரிசீவரையோ சவுண்ட்பாரையோ அதில்தான் செருக வேண்டும். வேறொன்றில் செருகினால் டிவியின் ஒலி வராது.