அப்பாவுக்கு சுகர், கொட்டகையில் மாடு... ரெண்டையும் சமாளிப்பது எப்படி?

காலை 5 மணிக்குச் சாணம் அள்ளணும். 6 மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டு போகணும். 9 மணிக்குள் நீங்கள் வேலைக்குக் கிளம்பணும். இதற்கு நடுவில், சுகரும் பிரஷரும் உள்ள அப்பா, "நீ கிளம்புப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று மண்வெட்டியைத் தூக்குகிறார். உங்கள் வீட்டுக் காலையும் இப்படித்தானா?

"இனிமே வயல் பக்கமே வராதீங்க" என்று சொல்லிப் பார்த்திருப்பீர்கள். கேட்டிருக்க மாட்டார். 40 வருஷம் மாட்டோடு இருந்தவரைக் கட்டிலில் உட்காரச் சொல்வது தண்டனை மாதிரிதான். அவர் வேலை செய்யட்டும். எந்த வேலை, எந்த நேரம் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

மாத்திரை போட்டால் சாப்பாடு தள்ளக் கூடாது

"மாத்திரை போட்டுட்டேன், மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து சாப்பிடுறேன்." ஆபத்து இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இன்சுலினோ, சில சுகர் மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் வெயிலில் வேலை பார்த்தால் சுகர் சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம்... இதெல்லாம் அறிகுறிகள். வயலில் நிற்பவருக்கு வியர்த்தால், "வேலை செஞ்ச வியர்வை"என்று விட்டுவிடுவோம். கவனம்!

* பால் ஊற்றிவிட்டு வந்ததும் மாத்திரை, டாக்டர் சொன்ன இடைவெளியில் டிபன், அதற்குப் பிறகுதான் வயல். மாடு நேரம் தவறாது. அதோடு மாத்திரையைக் கோத்துவிட்டால் அதுவும் தவறாது.
* சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும்.
* சுகர் 70-க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். சரியானதும் சாப்பிட வையுங்கள்.
* மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அப்பாவுக்கு: தீவனம் கலப்பது, கன்றுக்குட்டியைப் பார்ப்பது, பால் கணக்கு எழுதுவது, காய் பறிப்பது.

உங்களுக்கு: மருந்து அடிப்பது, மூட்டை தூக்குவது, ராத்திரி மோட்டார் போடுவது. மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினால் வீட்டிலிருந்தே மோட்டாரை ஓட்டலாம். இருட்டில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் குத்துக்காலிட்டுப் பால் கறந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். ஒரு முக்காலி போட்டுக் கொடுங்கள். ஈரக் கொட்டகையில் வழுக்காத செருப்பு வேண்டும். சுகர் உள்ளவருக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம். தினமும் சாயங்காலம் பாதத்தைப் பார்ப்பது உங்கள் டூட்டி.

நீங்கள் ஊரில் இல்லாதபோது?

பால் சொசைட்டியில் இருப்பவரிடம், "அப்பா பால் ஊத்த வரலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணே" என்று சொல்லி வையுங்கள். தினமும் ரெண்டு வேளை அப்பாவைப் பார்க்கும் ஆள் அவர்தான். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் முடியவில்லையா? நாலு மாட்டை ரெண்டாகக் குறைப்பது தோல்வி இல்லை. ஆனால், நீங்களாக விலை பேசிவிடாதீர்கள். எந்த மாட்டைக் கொடுப்பது என்பதை அப்பாவே சொல்லட்டும்.

நாளைக் காலை அவர் மண்வெட்டியைத் தூக்கும்போது கேளுங்கள்: "அப்பா, சாப்பிட்டாச்சா?"